‘தென்’ இல்லாத ‘இஃப்’

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் மகனின் கிராஃப் கால்குலேட்டர் நேற்றுக் காலை கணக்கு சாரால் கைது செய்யப்பட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன். நான் நலம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

என் கோபம் குறையவில்லை. சமன்பாட்டுக்கு விடை சொல்லும் ப்ரோக்ராம் ஒன்றை வகுப்பு முழுக்க ஏற்றிக்கொடுத்தேன். அதில் சின்ன விளையாட்டு: முதலில் வரிசை எண் கேட்கும், வகுப்பு லீடரின் எண் என்றால் ‘உனக்கு முட்டை’ என்று காட்டும், பிறகு நின்றுவிடும். ‘இஃப்’ என்று நிபந்தனை போட்டு, இரண்டு கட்டளைகளையும் கீழே எழுதினேன். கூடவே ‘அப்படியானால்’ என்னும் ‘தென்’ போடாவிட்டால் நிபந்தனை அடுத்த ஒரு வரியை மட்டும்தான் கட்டுமாம்! லீடருக்கு மட்டும் கேலி போனது. நிற்கும் கட்டளை எல்லாருக்கும் போனது. பரீட்சையில் முப்பது கால்குலேட்டரும் வாயை மூடிக்கொண்டன.

“எவன்டா இதை எழுதினது?” என்றார் சார்.

“நான்தான் சார்!” என்று மார்தட்டி எழுந்தேன்.

“உங்கப்பா கையெழுத்தோட வா, அப்புறம் தரேன்.”

என்ன அநியாயம்! மெஷினின் மண்டைக்கனத்துக்கு நானா பொறுப்பு? வகுப்பே என்னை முறைக்கிறது. விடுதியில் சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில் என் பை மட்டும்தான் உட்கார்கிறது.

அடுத்த வாரம் பெரிய பரீட்சை. இத்துடன் வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டுக்கட்டு. தனியாக ஆடும் ஆட்டம் கற்றுக்கொண்டேன்.

மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும், அம்மாவிடம் சொல்லாதீர்கள். அந்த ப்ரோக்ராமில் விடை சொல்லும் நாற்பது வரிகளையும் எழுதியவன் என் அறைத்தோழன். நான் எழுதியது அந்த விளையாட்டு மட்டும்தான்.

உங்கள் மகன்