விலா எலும்பு

என்னங்க,

ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். மூச்சை இழுத்தால் விலாவில் வலிக்கிறது என்று என்னைத் திட்டினீர்களாம். எலும்பை ஒடித்தது நான்தான்.

அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். "வெறும் கேஸுடி. எதுக்கு ஊரைக் கூட்டுற?" என்று சோடா பாட்டிலை என் முகத்தில் எறிந்தீர்கள். புருவம் கிழிந்தது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியபடியே சரிந்தீர்கள். மூச்சு இல்லை.

தையல் கம்பெனியில் எங்களுக்கு முதலுதவி கற்றுத்தந்த நர்ஸம்மா, "நெஞ்சை அழுத்தும்போது எலும்பு முறியிற சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்திடாதீங்க" என்றார். மற்ற பெண்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். முதலில் என் மணிக்கட்டில் கேட்டேன், பிறகு தோளில்.

பக்கத்தில் மண்டியிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். என் ரத்தம் உங்கள் சட்டையில் சொட்டியது. முறிந்தது, நான் நிறுத்தவில்லை. "போதும்மா, மூச்சு வந்துடுச்சு, விடும்மா" என்று ஆம்புலன்ஸ்காரர் என் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சிகரெட்டைத் தொடாதீர்கள். மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். இன்னொரு முறை நெஞ்சு வலித்தால் கேஸ் என்று உட்கார்ந்திருக்காமல் நீங்களே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் மேல் ஒரே ஒரு தடவை கை வைத்தவள்