சாம்பிராணிக்கு ஏறிய ஊசி

அன்பு மச்சான் முனியாண்டிக்கு,

நேற்று உன் வருஷத் திதி. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது உன் தங்கச்சி பார்வதி சாம்பிராணியும் கொஞ்சம் அடுப்புக்கரியும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள். "எங்கண்ணன் வீட்டுல இருந்தத விட அந்த மிஷின் ரூம்புலதான் அதிகமா இருந்துச்சு. அங்கயும் காட்டுங்க" என்றாள். அவள் சொன்னால் மறுபேச்சு ஏது?

அந்த அறை நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. லீவு முடிந்து வந்து மிஷினைத் தட்டிவிட்டால், அது சூடேறி ஒரு நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. அதற்குள் திருகைத் தொட்டால் அளவெல்லாம் பொய்யாகிவிடும். நிலக்கரித் தொட்டிக்குள் கரி உள்ளூரப் புகைந்தால், அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவை முதலில் கண்டு சொல்ல வேண்டியது அந்த மிஷின்தானே. அது தப்பாகச் சொன்னால் கரி அரைக்கிற மில்லில் நிற்கிற ஆட்களின் கதி என்ன? அதனால் உட்கார்ந்து காத்திருக்கிறேன். முன்பெல்லாம் கோப்பி குடித்துக்கொண்டு, கோலா கங்சார் தோட்டத்தில் நாம் அடித்த லூட்டியைப் பேசி முடிக்க அந்த நேரம் போதாது. இப்போது நகரவே மாட்டேன் என்கிறது.

மிஷின் சூடானதும் நாம் அடிக்கும் கூத்து ஞாபகம் இருக்கிறதா? மிஷின் காற்றை உறிஞ்சும் குழாயைக் கழற்றி ஆளுக்கு ஒருமுறை ஊதிப் பார்ப்போம். எனக்கு ஊசி அசையாது. நீ ஊதினால் நாலாவது கோடு வரைக்கும் ஏறி நிற்கும். சிகரெட்டுக்காரன் மூச்சிலும் அதே வாயு உண்டே.

"விட்டுட்டேன்னு சொன்ன?"

"விட்டாச்சு மச்சான். நேத்தோட சரி."

"அப்ப ஊசி பொய் சொல்லுதா?"

"மிஷின் இன்னும் சூடாகல லா."

எப்போது கேட்டாலும் இதே பதில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, டாக்டர் ஏதோ படம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்போதும் என் பக்கம் திரும்பி, "அவரு மிஷினும் சூடாகல போல" என்றாய். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று கரியைக் கனிய வைத்து, சாம்பிராணி போட்டு, உன் நாற்காலிக்குக் காட்டினேன். மிஷினுக்கும் காட்டினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. குழாய் மேசைமேல் கழன்று கிடந்தது. திரும்பிப் பார்த்தால் ஊசி மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. நாலாவது கோட்டில் போய் நின்றது.

கரிநெருப்பு விட்ட வாயு என்று எனக்குத் தெரியாதா மச்சான்? இத்தனை வருஷமாக இதே வேலைதானே பார்க்கிறேன். தெரிந்தும், "வந்துட்டியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அப்படி அழவில்லை.

மில் போர்மேன் போன் பண்ணினான். "என்னாண்ணே, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

"மிஷின் இன்னும் சூடாகல லா" என்றேன்.

அது எப்போதோ சூடாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஊசி அங்கேயே நிற்கட்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எத்தனை நேரம்? எழுந்து நெருப்பை வெளியே கொண்டுபோய் வைத்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தேன். குழாயை மாட்டி, அந்த விஷவாயு துளியும் கலக்காத நைட்ரஜன் சிலிண்டரைத் திருகினேன். ஊசி மூன்றுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது, அப்புறம் சீரோவில் போய்ப் படுத்துக்கொண்டது. நீ செத்துப்போனது எனக்கு அப்போதுதான் மச்சான் முழுசாக உறைத்தது.

அந்த விஷவாயுவை அளந்து அடைத்து, அளவு எழுதிய சிலிண்டரையும் விட்டுச் சரிபார்த்தேன். போர்மேனைக் கூப்பிட்டு, "ஓட்டுங்க லா" என்றேன்.

சாயந்தரம் சிலிபினில் உள்ள வீட்டில் படையல். பார்வதி எல்லாம் வைத்தாள், சிகரெட்டு மட்டும் வைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இனி உன் சாம்பிராணி அறைக்கு வெளியேதான். உன்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், அந்த மிஷினைப் பொய் சொல்ல விடமாட்டேன். ஆனால் சூடேறியதும் என் முறைக்கு ஊதிவிட்டு, உன் முறைக்கும் கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊசி அசையாது. தெரியும். நின்றுவிட்டுத்தான் நைட்ரஜனைத் திறப்பேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மச்சான் கோவிந்தன்