வண்டியைக் கேட்டிருந்தாய்

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் நம் பேத்தி சுண்டெலியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். பல் ஆஸ்பத்திரியில் நீ வேலை பார்க்க, உன் மகள் தன் முன்பல்லைத் தானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நம் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வந்தவர், “என்ன சார், நல்ல சேதியா?” என்றார். ஆமாம் என்றேன். அடுத்த பக்கத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

கோடை விடுமுறையில் கடலோரச் சாலையிலும் தீவுகளிலும் ஒரு வாரம் சுற்றிவரப் போகிறோம், அதற்கு நம் பையனின் வண்டியைத் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்தத் தம்பியும் வருகிறார், அவர்தான் ஓட்டுவார், கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முன் மூன்று பேரும் ஒரு தடவை சேர்ந்து இருந்து பார்க்க வேண்டும் என்றும் மறைக்காமல் எழுதியிருந்தாய். வேறு வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்றால், “அப்பா கார்னா வரேன், இல்லன்னா வரல” என்று சுண்டெலி சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்பதையும் படித்தேன். அவள் அப்பனும் அப்படித்தான் உட்காருவான்.

என் பங்குக்கு எனக்குச் சம்மதம். இதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்தால் உனக்கு வேறு மாதிரி தோன்றக்கூடும்.

அவன் இறந்துபோன நாளிலிருந்து வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. உன் அத்தை வாரம் தவறாமல் வெளியே துடைப்பாள். கண்ணாடி, பம்பர், நம்பர் பலகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆனால் கதவைத் திறக்க மாட்டாள், என்னையும் திறக்க விடமாட்டாள். சாவி பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, பானெட்டை மட்டும் எப்படியோ தூக்கிப் பார்க்கச் சொன்னேன். “ஓடிக் கெட்ட வண்டிய சரி பண்ணிடலாம் சார். இது நின்னே கெட்டுப்போயிருக்கு” என்றார். பேட்டரி செத்துவிட்டது. டயர்கள் தரையோடு ஒட்டிக்கிடக்கின்றன. ஒயர்களுக்கு நடுவில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது.

உன் பயணத் திட்டத்தை வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் பெரிய தீவையும் சின்னத் தீவையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு. வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் படகு காற்றைப் பொறுத்துத்தான் கிளம்பும். காற்று பலமாக இருந்தால் கரையிலேயே நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள். சின்னத் தீவுக்குப் போகிற தரைப்பாதையோ, கடல் ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும். இறங்கும் நேரத்தை அங்கே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். பாறைகளை ஒட்டிப் போகிற சாலையில் சில இடங்களில் ஓரச்சுவரே கிடையாது. உங்கள் கல்யாணத்துக்கு முன்பு அவன் எங்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறான். கடல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள் உன் அத்தை. கடைசித் திருப்பத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்ளோ அழகா இருக்குன்னு யாராவது சொல்ல வேண்டாமா?” என்று எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள்.

அவளிடம் பாதி சொல்லிவிட்டேன். நீயும் குழந்தையும் கடலோரம் போகப் போகிறீர்கள், வண்டி வேண்டுமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. குழந்தைக்குத் தொப்பி இருக்கிறதா, வாந்தி வராமலிருக்க என்ன கொடுப்பது என்று ஆரம்பித்துவிட்டாள். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, “மேட்டுல ஓட்ட அவளுக்குப் பயமாச்சே. யார் ஓட்டுறா?” என்றாள். நான் துண்டை எடுத்து உதறி மடித்தேன். குழாயை மூடினாள். அப்போது அவள் சொன்னதை உனக்கு எழுதக் கூடாதுதான். ஆனால் நீ அவளை அறிந்தவள். “கண்ணாடிக்கடை போய் இப்போ பல்செட்டா?” என்றாள். அந்தத் தம்பி பல்செட் செய்பவர் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. என்னைவிட அவளுக்கு எப்போதும் நாலு விஷயம் கூடத்தான் தெரியும்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். மறுபடி பேசிவிட்டு எழுதுகிறேன். குழந்தையைத் தடவிக்கொடு.

இப்படிக்கு,
மாமா

•

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை அந்தத் தம்பி உன்னிடம் எந்த அளவுக்குச் சொன்னாரோ தெரியவில்லை. அதிகம் பேசுகிறவராகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாமல்தான் வந்தாராம். வெயிலில் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றியதும் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உன் அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டீ போடவில்லை. வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவருக்குக்கூட டீ போடுகிறவள் அவள்.

அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர் போலப் பேசினார். “அம்மா, வண்டி கேக்க வரல. எங்கிட்ட குழந்தைய நம்பி அனுப்பலாமான்னு உங்களுக்கும் ஒரு யோசனை இருக்கும்ல. நான் ஓட்டுறத ஒருதரம் பாருங்க. பிடிக்கலன்னா பஸ்ல போயிக்கறோம்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. சுற்றி வளைக்காத பேச்சு, உன்னைப் போலவே.

உன் அத்தை எழுந்து உள்ளே போனாள். சரி, கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். என் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. அவசரப்பட்டு இறக்கிவிட்டேன் போலிருக்கிறது.

மெக்கானிக் புது பேட்டரி போட்டு, டயருக்குக் காற்றடித்து, தெருவில் ஒரு சுற்று வரும் அளவுக்கு ஒயரை ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். அவள் படியில் நின்றுகொண்டாள். நான் ஷெட் கதவைத் தள்ளினேன். தம்பி வண்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அவர் நடுத்தர உயரம்தானே. கிளட்ச் எட்டவில்லை. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கீழே கைவிட்டு லீவரைத் தூக்கி சீட்டை முன்னால் இழுத்தார். அது கடகடவென்று நகர்ந்தது.

“தள்ளாத! அதத் தள்ளாத!” என்று உன் அத்தை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூடக் கத்தவில்லை அவள்.

நம் பையன் கடைசியாக இறங்கியபோது விட்ட இடத்திலேயே அந்த சீட் இருந்திருக்கிறது. அவனுக்கு நெடுங்கால் இல்லையா, முழுக்கப் பின்னால் தள்ளி வைத்திருப்பான். எனக்கு அந்த நினைப்பே இல்லை. அவள் ஒவ்வொரு வாரமும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். எதைப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

தம்பி பதறி இறங்கினார். விஷயம் அவருக்கும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. “எங்க இருந்துதுன்னு சொல்லுங்கம்மா, அங்கயே வெச்சிடறேன்” என்று குனிந்து பின்னால் தள்ளினார். ஒரு படி தள்ளி நிமிர்ந்து பார்த்தார், இன்னொரு படி தள்ளிப் பார்த்தார். “இங்கயாம்மா? இங்கயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வாசலில் அவர் ஹெல்மெட்டை மாட்டக் கை வராமல் நின்றார். தோளில் கைவைத்து, “உங்க மேல தப்பு இல்ல” என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஷெட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வண்டிக்குள் ஏறி அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். லீவரைத் தூக்கி முன்னால் போகிறாள், பின்னால் போகிறாள், மறுபடி முன்னால் வருகிறாள். நான் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். “கடைசி வரைக்கும் தள்ளியிருந்துதா, ஒண்ணு முன்னாடியா? எனக்கே தெரியலங்க. அவன் காலு எவ்ளோ நீளம்னு எனக்கே மறந்துபோச்சு” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். எனக்கும்தான் தெரியவில்லை. அவனுக்குச் சட்டை அளவு, கண்ணாடிப் பவர், செருப்பு நம்பர் எல்லாம் தெரியும். அது தெரியவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் முகம் சுளிக்காதே. நல்ல மனிதர். இருட்டும் முன் வீடு வந்து சேர்ந்தாரா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
மாமா

•

அன்புள்ள மருமகளுக்கு,

பயணமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எடுத்த முடிவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைப் படி.

இந்தத் தடவை உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அத்தையை அழவைத்துவிட்டு நாங்கள் எந்தக் கடலைப் போய்ப் பார்ப்பது” என்று நீ எழுதிய இடம் வந்ததும், மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “நான் அழுதேன்னு அவகிட்ட யாரு சொன்னது?” என்று என்னை முறைத்தாள். அடுத்து, “கடை அட்ரஸுக்கு எழுதுறா, நீங்க திருட்டுத்தனமா படிக்கிறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன பூதமா?” என்று பிடித்துக்கொண்டாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்காதவள் திட்டியது எனக்குப் பாட்டுக் கேட்பது போல இருந்தது.

திட்டி முடித்தபின் நிதானமாகப் பேசினாள். “அவ கட்டிக்கட்டும். சின்ன வயசு. எம்புள்ளைக்காக அவ ஒத்தையா நிக்கணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?” என்றாள். சொன்னதில்லை என்றேன். “அந்தக் குழந்தை அவர என்னன்னு கூப்பிடும்?” என்றாள். தெரியாது என்றேன். ரொம்ப நேரம் ஒரு சட்டையையே மடித்தாள். பிறகு, “என்னன்னு வேணாலும் கூப்பிடட்டும். இங்க வந்து, எங்காதுல விழற மாதிரி கூப்பிடட்டும்” என்றாள்.

மறுநாள் மெக்கானிக்கை அவளே போன் செய்து வரச்சொன்னாள். அவர் நாலு டயரையும் மாற்றினார், பிரேக்கைப் பிரித்துப் பூட்டினார், ஒயரெல்லாம் புதிதாக இழுத்தார். எலிக் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது. அவர் வண்டியை வெளியே எடுத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவந்தார். அவருக்கும் சீட்டை நகர்த்த வேண்டியிருந்தது. உன் அத்தை பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான்தான் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஆக, வண்டி தயார். நீங்கள் கிளம்ப வேண்டும். ஆனால் உன் திட்டத்தில் ஒரு மாற்றம். வண்டியை எடுக்க நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புங்கள். சுற்றுவழிதான், எனக்குத் தெரியும். வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பாக இருக்கும், கடலுக்குப் போகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதி நாள் எதிர்ப்பக்கம் வர வேண்டும். இருந்தாலும் வாருங்கள். தம்பிக்கு இந்த முறை டீ உண்டா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. கிளம்பும்போது அவள் வாசலுக்கு வராமல் உள்ளேயே இருந்துவிடக்கூடும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவை, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். வண்டி இல்லாத ஷெட்டை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாள் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது.

குழந்தையை முன்சீட்டில் உட்காரவைக்காதே. படகில் ஏற்றும்போது நீங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கிக்கொண்டு அவரை மட்டும் ஏற்றச் சொல். மழை பிடித்தால் அந்தப் பாறைச் சாலையில் போகவே போகாதீர்கள், எங்காவது தங்கிவிடுங்கள், ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

கடைசியாக ஒன்று. ஊர் சுற்றிய களைப்பில், வண்டியை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. நீங்களே கொண்டுவந்து விடுங்கள். மணலும் உப்பும் சேறுமாக இருந்தாலும் பரவாயில்லை, கழுவ நாங்கள் இருக்கிறோம். உங்களுக்கு மறுபடி வேண்டுமென்றால் அடுத்த விடுமுறைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கடுத்த விடுமுறைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து எடுத்து, இங்கே வந்து விட்டால் போதும்.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ‘எங்கள்’ என்று எழுதட்டுமா என்று உன் அத்தையைக் கேட்டேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா