பூட்ஸுக்குள் ஒளித்த என் அரை மேஸ்

என் பாசமான சம்பந்தியம்மா,

முதலில் பேரப்பிள்ளைகளின் சங்கதி. மூத்தவன் கவின் மின்சார வேலைக்கான தொழிற்பயிற்சியை முடித்துவிட்டான். உங்கள் மகன் அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றும் முன்பே அதைப் படித்தாக வேணும். கடைக்குட்டி நிலா நீச்சலில் இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்த பிள்ளைக்குக் கை நீளம், அதை விடுவோம்.

நடுவில் உள்ள அபிரா இருக்கிறாளே, அவளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்குக் கை துடிக்கிறது. பையைக் கமக்கட்டில் இடுக்கி ஊதுகிற அந்த ஸ்கொட்லாந்துக் குழல் பாண்டில், போன மாதம் எங்கடின் மலைப்பக்கத்தில், கொட்டிக் கிடந்த பனிக்குள், அவள் முன்வரிசையில் நடந்து ஊதினாள்! கட்டம் போட்ட கில்ட் பாவாடை, அதற்குக் கீழே முழங்கால்வரை உங்கள் மேஸ். ஓம், நீங்கள் பின்னிய அதே கம்பளிக் காலுறை, அதே மேஸ்தான்!

"அதெப்பிடி? நான் ஒண்டரை மேஸ்தானே பின்னினனான்" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன், பொறுங்கோ.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, சோலோதுர்னில் நீங்கள் இருந்த வீட்டிலிருந்து உங்கள் பின்னல் பை, நான் இருக்கிற ஓஸ்டர்முண்டிகனுக்கு வந்தது. ஒரு கால் முடிந்திருந்தது. மற்றக் காலில், முழங்காலுக்குக் கீழே மடித்துவிடுகிற பச்சையும் அரக்கும் கலந்த கட்ட விளிம்பு முடிந்து, கெண்டைக்காலும் இறங்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே ஐந்து ஊசியோடு வேலை நின்றிருந்தது. அபிரா பையை என் மடியில் வைத்தாள்.

"இதை முடிச்சுத் தாங்கோ அம்மம்மா. அப்பம்மாட மேஸ் இல்லாமல் நான் முன்னுக்கு நிண்டு ஊத மாட்டன்."

பையைத் திறந்து அந்த ஐந்து ஊசியையும் பார்த்தேன். நான் இரண்டு ஊசியால் சால்வை பின்னுகிறவள். "வாங்கோ, மேஸுக்குக் குதிக்கால் திருப்பப் பழக்கிவிடுறன்" என்று நீங்கள் எத்தனை தரம் கூப்பிட்டீர்கள்? "மேஸ் கடையிலை கிடக்குது, உதுக்கு ஆர் மினக்கெடுறது" என்று சொன்னவள் நான்தானே. உங்கள் கை என் கையைவிடத் திறம் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இன்றைக்கு உங்கள் நினைவுப் பக்கத்தில் எல்லாரும் வாசிக்க எழுதிவிட்டேன், போதுமா?

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கணக்குக்கு, கடலையைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றித்தான் பின்னல் கண்ணி எண்ணினேன். ஆறு தரம் அவிழ்த்தேன். என் பங்கைத்தான், உங்கள் பங்கில் ஒரு கண்ணியைக்கூடத் தொடவில்லை. ஏழாம் தரம் குதி திரும்பியது. ஆனால் உங்கள் பின்னல் நெருக்கம், என்னுடையது தொளதொள. குதி உருளைக்கிழங்கு போலப் புடைத்துக்கொண்டு நின்றது.

பாண்டை நடத்துகிற சுவிஸ்காரரோ கறாரான ஆள். இரண்டு காலும் ஒன்றுபோலத் தெரியவேணும், இல்லாவிட்டால் கடை மேஸ்தான் என்று சொல்லிவிட்டார். பனி என்றபடியால் எந்தச் சப்பாத்தைப் போடுவது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

முதலில் பாண்டின் வழக்கமான சப்பாத்தைப் போட்டுப் பார்த்தோம். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிற பதிந்த சப்பாத்து, நீள நாடாவைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவது. குதி அப்படியே வெளியே தெரிந்தது. கவின் நிலத்தில் படுத்துக்கொண்டு பார்த்தான்.

"அம்மம்மா, இந்தக் கால் அப்பம்மா. அந்தக் கால் உருளைக்கிழங்கு."

"போடா, இண்டைக்கு உனக்கு அதுதான் கறி."

அடுத்தது என் மகளின், இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த நீள பூட்ஸ். என் குதி மறைந்தது, ஆனால் உங்கள் கட்ட விளிம்பும் சேர்ந்தல்லவா உள்ளே போய்விட்டது! போதாததற்குச் சிப் கம்பளியைக் கவ்விக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். நல்லகாலம், ஒரு இழைதான் நீண்டது. ஊசியால் உள்ளே இழுத்துவிட்டேன். பிறகு உங்கள் மகனின் றப்பர் பூட்ஸ். பால் கறக்கப் போகிறவள் மாதிரி நின்றாள் பிள்ளை.

கடைசியில் தன் மலையேறும் பூட்ஸை எடுத்துவந்தாள். மண்ணிறத் தோல், கணுக்காலை மூடி நாடா கட்டுவது. தடித்த மேஸுக்கென்றே செய்ததுபோலக் கால் உள்ளே இறங்கியது. இரண்டு காலிலும் மேஸைக் கொஞ்சம் கீழே தளர்த்தி, பூட்ஸின் விளிம்பில் மடிப்பு மடிப்பாகத் திரட்டிவிட்டாள். உங்கள் பின்னல் முடிந்து என்னுடையது தொடங்கும் இடம் எனக்கே தெரியவில்லை. மேலே உங்கள் பச்சையும் அரக்கும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில்! கவின் மறுபடியும் படுத்துப் பார்த்தான்.

"ரெண்டும் அப்பம்மாதான்."

இனி எங்கடினில் நான் செய்த வேலையைக் கேளுங்கோ. பாண்ட் வரிசை கட்டி நிற்கிறது. சுவிஸ்காரர் அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அபிராவின் காலைப் பார்த்தால் மேஸ் சுருங்கிக் கிடக்கிறது. பரபரப்பில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. பிள்ளைக்கு மேஸ் கழன்றுவிட்டதென்று, சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பனியில் குந்தி, ஒரே இழுவையாக மேலே இழுத்துவிட்டேன்!

"ஐயோ அம்மம்மா, விடுங்கோ! அது அப்பிடித்தான் போடுறது!"

"எல்லாரும் பாக்கினம் பிள்ளை, வடிவில்லை!"

"உங்கட உருளைக்கிழங்கு வெளியிலை வருது அம்மம்மா!"

இழுத்த கையாலேயே திரும்பத் திணித்தேன். விரல் விறைத்து மடிப்பு சரியாக விழமாட்டேன் என்கிறது. நான் எழும்பவும் அவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்தக் காலைப் பார்த்தார், இந்தக் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து "ஷோன்" என்றார். வடிவு என்கிறார்!

அந்தச் சொல் உங்களுக்கா, எனக்கா? வெளியே தெரிந்ததெல்லாம் உங்களுடையது, நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஊதி முடித்தவுடன் அபிரா ஓடிவந்து என் காதில் சொன்னாள்: "ரெண்டு காலும் ஒரே மாதிரிச் சூடா இருந்தது அம்மம்மா."

நிலாவும் இப்போது அதே பாண்டில் மேளம் பழகுகிறாள். அவளுடைய மேஸ் சோடிக்கு நேற்று ஊசியில் கண்ணி ஏற்றிவிட்டேன். குதி நீங்கள் பின்னிய குதிபோலத் திரும்பும்வரை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவேன். அந்தச் சோடியைப் பதிந்த சப்பாத்தோடு, குதி ஊருக்கே தெரிய அவளைப் போடவைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஒரே ஒரு குறை. உங்கள் ஆண்டு நினைவுக்காக இந்த இணையப் பக்கத்தைத் தொடங்கிய உங்கள் மகன், அபிராவின் படத்தை முழங்காலோடு வெட்டியல்லவா போட்டிருக்கிறார்! எங்கடினில் நின்று படம் எடுத்தவர்களே, பூட்ஸ் நுனிவரை தெரிகிற புதுப் படம் ஒன்றை இங்கே போட்டுவிடுங்கோ. சம்பந்தியம்மா பார்க்கவேணும்.

மற்றக் காலுக்கு உரியவள்,
உங்கள் சம்பந்தி