ஆகாத மருந்து

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் பதிவு வருகிறது. வரவேற்பு மேசைக்காரனான என்னைக் கேட்காமல் ஒரு கட்டம்கூட வரைய மாட்டார்களாம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்வையிலேயே தெரிந்தது.

ப்ரோக்ராம் எழுதுவது என் அக்கா மகளும் அவள் கூட்டாளி கண்ணாடிக்காரனும். ஆரம்பமே சண்டை.

“முதல்ல அட்டவணையை வரையணும். எந்தக் கட்டத்துல என்ன, எது காலியா இருக்கக் கூடாதுன்னு. அப்புறம்தான் ப்ரோக்ராம்” என்றாள் அவள்.

“ப்ரோக்ராமை எழுதினா அட்டவணை தானா வந்துடும். ஏன் ரெட்டை வேலை?”

எட்டாவதோடு நின்றாலும் தீர்ப்புச் சொன்னேன்: தானாக வருவதே மேல். அக்கா மகள் முறைத்தாள்.

மார்ச் 9, திங்கள்

ஓடுகிறது! முதல் ஆளாக என்னையே பதிந்தேன். ‘ஒவ்வாமை’ கட்டத்தில் வாயில் நுழையாத மருந்துகளாகப் பார்த்து அடுக்கினேன். சாதாரண உடம்பா இது?

மார்ச் 12, வியாழன்

‘ஒவ்வாமை’ பாதிப் பேருக்குப் புரியவில்லை. ‘ஆகாத மருந்து’ என்று மாற்றச் சொன்னேன். “சூப்பர் அங்கிள்” என்று கண்ணாடிக்காரன் ப்ரோக்ராமில் பெயரை மாற்றிப் பொத்தானைத் தட்டினான். தமிழுக்கு என் தொண்டு.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பெருமையாகப் பார்க்கலாமென்று என் பதிவைத் திறந்தேன். ‘ஆகாத மருந்து’ கட்டம் காலி. அடுத்த ஆள் — காலி. எல்லாரும் காலி!

உள்ளே நர்ஸம்மா பக்கத்துத் தெருத் தச்சருக்குப் போட ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ ஒன்று ஆகாது, திங்கட்கிழமை நான்தானே தட்டினேன் — எது? எது? எனக்கென்று அடுக்கிய பொய்யெல்லாம் வாயில் வருது, அது மட்டும் வரலையே! ஓடினேன்.

“ஊசியை நிறுத்துங்க!”

“ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லையே?”

“இல்லைன்னு அர்த்தமில்லைம்மா, காலியா இருக்கு!”

சட்டைக்கையை மடித்தபடி தச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா மகள் வந்து, பெயர் மாற்றுமுன் எடுத்துவைத்த நகலைத் திறந்தாள். அவர் பெயருக்கு நேரே இருந்தது, ஊசியில் இருந்த அதே மருந்து.

“பேரை மாத்தினதை, பழைய கட்டத்தை அழிச்சுட்டுப் புதுசு போடச் சொன்னதா ப்ரோக்ராம் எடுத்துக்கிச்சு” என்றாள். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 14, சனி

பாய்ந்து ஊசியைப் பறித்தேன் என்று வீட்டில் சொன்னேன். பறித்த மாதிரிதான்.

மார்ச் 20, வெள்ளி

அட்டவணை இப்போது சுவரில், பெரிய தாளில். அதை முதலில் திருத்தாமல் ப்ரோக்ராமில் ஒரு பெயரையும் தொடக் கூடாது. கோடு அக்கா மகள் போட்டது, எழுத்து கண்ணாடிக்காரனுடையது. ‘ஆகாத மருந்து’ இனிக் காலியாக இருக்க முடியாது: மருந்தின் பெயர், அல்லது ‘இல்லை’.

முதலில் என் பதிவு.

“மாமா, நிஜமா எது ஆகாது?”

வாய் வரை ஒரு நீளமான பெயர் வந்தது. தச்சரின் அந்த மடித்த சட்டைக்கையும் கூடவே நினைவுக்கு வந்தது.

“இல்லைன்னு போடும்மா.”