பக்கத்து சீட்டில் தண்ணீர் டிரம்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, என் கால் வலி வழக்கம்போல் என்னோடுதான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் இருக்கிற கூடத்திலேதான் உன் அப்பாவும் இருக்கிறார், நான் வாயைத் திறந்தால் அவருக்குக் கேட்கும், சில விஷயங்களை அவர் காது கேட்கச் சொல்ல என்னால் முடியாது. வண்டிச் சாமான் பற்றி உனக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அது பொய்யும் இல்லை.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். தோட்டத்துக்கு வாங்கின புது வண்டிக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தாய். நீ இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். பழைய நாலு சக்கர பைக் மாதிரி, குதிரை மேல் உட்காருவதுபோல் காலைப் போட்டு உட்காருகிற வண்டி இல்லை இது. கார் மாதிரி ஸ்டீயரிங், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு, இரண்டுக்கும் பெல்ட், தலைக்கு மேலே சுற்றிலும் கனமான இரும்புக் கூண்டு. கவிழ்ந்தாலும் பெல்ட் போட்ட ஆள் கூண்டுக்குள்ளேயே இருப்பார், வண்டி ஆள் மேல் விழாது என்று ஷோரூம்காரர் சொன்னார். அதைக் கேட்டதும் உன் அப்பா கூண்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்தார், நாங்கள் அங்கிருந்து கிளம்புகிற வரை விடவில்லை. பின்னால் தொட்டி, ஒரு பிடியைத் தூக்கினால் சாய்ந்து தானே கொட்டுகிறது, ஆரஞ்சுக் கூடைகளை இனிமேல் குனிந்து இறக்க வேண்டாம். சேற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டாலும் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது, சும்மா உருண்டு ஓடாது. முன்னால் வின்ச் வைத்தே கொடுத்துவிட்டார்கள், மாட்டிக்கொண்டால் கொக்கியை ஒரு மரத்தில் போட்டுவிட்டால் கம்பியைச் சுருட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும், ஆகவே நீ அனுப்ப வேண்டாம். முன் கண்ணாடியும் வேண்டாம், அதைத் துடைக்கிற வேலை என் தலையில்தான் விழும். பாட்டுப் பெட்டி வேண்டவே வேண்டாம், சரிவில் எஞ்சின் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குக் கீழே நிம்மதி. துப்பாக்கி மாட்டுகிற தாங்கியை எதற்குக் குறித்து அனுப்பினாய் என்று தெரியவில்லை, அதில் மண்வெட்டியை மாட்டலாம் என்றால் சரி. சீட்டைச் சூடாக்குகிற மெத்தை உன் அப்பாவுக்குப் பிடிக்காது, சொகுசு கண்டால் முதுகு கெட்டுவிடும் என்பார், அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான் என்று உனக்குத் தெரியும்.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன். ஷோரூமில் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு உன் அப்பா மெதுவாக, இந்தப் பக்கத்து சீட்டைக் கழட்டிட்டுக் குடுங்க என்றார். அந்த ஆள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சீட்டும் பெல்ட்டும் கூண்டோடு சேர்ந்து வருவது, கழற்றினால் கம்பெனி பொறுப்பு ஏற்காது என்று அவர் விளக்கிச் சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, என் பக்கத்துல யாரும் உட்கார வேணாம், அவ்வளவுதான் என்றார். பழைய வண்டியில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம், ஆனாலும் உன் சித்தப்பா நாள் தவறாமல் பின்னால் கேரியரில் தண்ணீர் டிரம் மேல் ஏறி உட்கார்ந்து, அண்ணன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேல் தோட்டத்துக்குப் போவார். லீவில் வந்தபோதெல்லாம் ஏற வேண்டாம் என்று நீ கத்துவாய், அவர் உன்னை வாயாடி வாயாடி என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடுவார். இந்தப் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் போகிறார்கள், யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. போன வருஷம் பம்ப் ஷெட்டுக்கு மேலே இருக்கிற வளைவில், ஈரப் புல்லில், டிரம்மில் பாதியளவு இருந்த தண்ணீர் பின்பக்கம் சாய்ந்ததும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. உன் அப்பா புல்லில் விழுந்தார், கையில் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். சித்தப்பா வண்டிக்கு அடியில். ஓட்டினது அண்ணன், போனது தம்பி. விபத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள், உன் அப்பா யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. சித்தி மட்டும் நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரைத் தின்றது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்தது, சீட்டோடுதான் வந்தது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், பக்கத்து சீட்டில் தண்ணீர் டிரம் உட்கார்ந்திருக்கிறது, இடுப்பைச் சுற்றி பெல்ட்டும் போட்டுக்கொண்டு. கனம் ஏறினால் அந்த சீட்டு பெல்ட் போடச் சொல்லிப் பீப் பீப் என்று கத்துகிறது, அதனால் டிரம்முக்குப் பெல்ட். பின்னால் அவ்வளவு பெரிய தொட்டி காலியாகக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. யானை வாங்கினவர் அதன் மேல் மூட்டையை ஏற்றிவிட்டுத் தாம் நடந்து போனாராம் என்று கேலி செய்தேன், அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தினமும் அதே கதைதான். பழம் பறிக்க வருகிற பெண்கள் கால் கடுக்க ஏறிப் போவார்கள், இவர் டிரம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார், என்ன இந்த மனுஷர் என்று அவர்கள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. கோபப்பட்டு என்ன செய்வது, அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது. பின்பக்க வீட்டில் சித்தி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டி போகிற சத்தம் அடங்குகிற வரை நிற்பாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது உனக்குத் தெரியும், மேலே நடக்க முடியாது. சித்தப்பாவை அவள் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான், அந்த இடத்தை அவள் இன்றுவரை பார்க்கவில்லை. அக்கா, என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டாள், நான் அதை அவரிடம் சொல்லப் போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

போன வாரம் காலையில் மழை விட்டதும் அவளே வந்துவிட்டாள். சித்தப்பாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தாள், அது அவளுக்கு முழங்காலைத் தொடுகிறது, நடக்கும்போது தொளதொள என்று சத்தம் வருகிறது. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று டிரம் மேல் கையை வைத்து, அத்தான், இதைக் கொஞ்சம் இறக்குங்க, நான் உட்காரணும் என்றாள். அவர், அது தண்ணி, மேல செடிக்கு என்றார். தண்ணி பின்னாடி போகட்டும் அத்தான், மனுஷன் உட்கார வேண்டிய எடத்துல தண்ணியும் தண்ணி இருக்க வேண்டிய எடத்துல மனுஷனும் இருந்தது போதும் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை, எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். அவர் பெல்ட்டைக் கழற்றினார், நானும் ஒரு கை பிடித்து டிரம்மைத் தொட்டிக்குத் தூக்கி வைத்தோம், நீ முன்னே அனுப்பிய சாமான் கட்டுகிற பட்டைகளைப் போட்டு இறுக்கினார். சித்தி ஏறி உட்கார்ந்தாள். அவர் குனிந்து பெல்ட்டை மாட்டி ஒரு இழு இழுத்துப் பார்த்தார். தம் பக்கம் போய் உட்கார்ந்தவர் மறுபடியும் இறங்கிச் சுற்றி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். மூச்சு விட எடம் வைங்க அத்தான் என்று அவள் சொன்னாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் நான் கொட்டகையில் நல்ல பழத்தையும் அழுகின பழத்தையும் பிரித்துக்கொண்டிருந்தேன், பிரித்தேன் என்று சொல்வது பேச்சுக்குத்தான், அழுகினதையும் நல்ல பெட்டியிலேயே போட்டிருக்கிறேன், சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி எடுத்தேன். எஞ்சின் சத்தம் பம்ப் ஷெட்டைத் தாண்டியது, வளைவில் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நடந்ததை அப்புறம் சித்தி சொன்னாள். அவர் இறங்கி இடத்தைக் கையால் காட்டிவிட்டு, நான்தான் ஓட்டினேன் என்றாராம். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான்கூடக் கேட்டதில்லை. அவள், தெரியும் அத்தான், அவர் டிரம் மேல ஏறும்போது சாப்பாட்டுத் தூக்கைக் கையில குடுத்தது நான்தான், எறங்குங்கன்னு ஒரு நாளும் சொல்லல, நாம எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தோம் என்றாளாம். பிறகு இரண்டு பேரும் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எனக்கு இதொன்றும் தெரியாது, கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் மறுபடி கிளம்பியது. திரும்பி வருகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன், சத்தம் கீழே வரவில்லை, மேலே போயிற்று. அவர் நட்டதையும் பாத்துட்டுப் போயிடலாம் என்று சித்தி சொன்னாளாம். சித்தப்பா கடைசியாக ஒட்டுக் கட்டி நட்ட ஆரஞ்சுக் கன்றுகள், கவனிக்க ஆளில்லாமல் காய்ந்திருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடக் காயவில்லை. எல்லாவற்றிலும் புதுத் துளிர். தினமும் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுப் போன தண்ணீர் எங்கே போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லியிருக்கலாம் இல்லையா, சொல்ல மாட்டார், உன் அப்பாவின் குணம் அது.

இப்போது காலையில் சித்திதான் முதலில் வந்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள், டிரம் பின்னால். பழம் பறிக்க வருகிற பெண்கள் அந்தத் தொட்டியில் ஏறப் பார்த்தால் அவர் போடுகிற சத்தம் உனக்கு அங்கே கேட்டாலும் கேட்கும். இரண்டு சீட்டு, இரண்டு பேர், அதற்கு மேல் ஒரு குழந்தைகூடக் கிடையாது. நீ வந்தால் உன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், பெல்ட்டை நீயே போட்டுக்கொண்டாலும் அவர் சுற்றி வந்து இழுத்துப் பார்ப்பார், பேசாமல் இரு. அங்கே மாப்பிள்ளை வண்டி எடுக்கும்போதும் பக்கத்தில் இருக்கிற நீ பெல்ட் போடாமல் கிளம்பாதே, கடைக்குத்தானே என்று சொல்லாதே. சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, சித்தப்பாவைப் பற்றி எழுது, அழுவாளோ என்று பயந்து விட்டுவிடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் மனசு ஒத்து நூறு வயசு இருங்கள்.

சாமான் பற்றிச் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன். நீ அனுப்பிய படங்களில் கடைசியில் ஒரு கைப்பிடி இருக்கிறது, பக்கத்து சீட்டில் இருப்பவர் சரிவில் பிடித்துக்கொள்ள முன்னால் பொருத்துவது. மற்றதெல்லாம் விட்டுவிடு, அது ஒன்றை மட்டும் வாங்கி அனுப்பு. நான் கேட்கவில்லை, அப்பாதான் மறக்காமல் எழுதச் சொன்னார்.

உன் நினைப்பாகவே இருக்கிற,
அம்மா