ரங்கூன் ருக்சாரின் அத்தாவுக்கு

தாகேதா, ரங்கூன்
14-11-2004

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ரேவதி அவர்களுக்கு,

சலாமும் வணக்கமும். உங்கள் "சட்டம் கேளுங்கள்" நிகழ்ச்சியை ஞாயிறுதோறும் சிற்றலையில் கேட்கிறேன். இங்கே பகல் இரண்டரை, உங்கள் மலேசியாவில் நான்கு. என் அத்தாவும் அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அதே நேரம் கேட்கிறார். அந்த அரைமணி நேரம் தம்பி இருமினாலும் அம்மா முறைப்பார்.

அத்தா மூன்று வருடமாகப் பெர்மிட் இல்லாமல் வேலை செய்கிறார். பொதுமன்னிப்பு முடிவதற்குள் தாமாகச் சரணடைந்தால் சிறை இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றீர்களே, அத்தா போகலாமா? பதிலை வானொலியிலேயே சொல்லுங்கள். பெயர் வேண்டாம். "ரங்கூன் ருக்சாரின் அத்தா" என்றால் அவருக்குப் புரியும்.

நாங்கள் பர்மாக்காரர்கள்தான். தமிழைப் பழைய பத்திரிகைகளில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

தங்கள் நேயர்,
ருக்சார், ஒன்பதாம் வகுப்பு


கோலாலம்பூர்
26-11-2004

அன்பு ருக்சார்,

பிழை ஒன்றுகூட இல்லை. என் உதவியாளரைவிட நன்றாக எழுதுகிறாய்.

வானொலியில் சொல்லுமுன் ஒரு கேள்வி. ஊர் திரும்ப உங்கள் நாட்டுத் தூதரகம் பயணத்தாள் தர வேண்டும். குடியுரிமை அட்டை இருந்தால்தான் தருவார்கள். அது இல்லாதவர் சரணடைந்தால் இங்கேயும் இருக்க முடியாது, அங்கேயும் போக முடியாது. தடுப்பு முகாமிலேயே கிடக்க வேண்டும். அப்பாவிடம் அந்த அட்டை இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டு உடனே எழுதம்மா.

ரேவதி


தாகேதா
8-12-2004

அன்புள்ள ரேவதி அக்கா,

இருக்கிறது. எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இதை அம்மாவிடம் கேட்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள் அக்கா.

ருக்சார்


தாகேதா
16-1-2005

ரேவதி அக்காவுக்கு,

"ரங்கூன் ருக்சாரின் அத்தா, பயப்படாம போங்க" என்று நீங்கள் சொன்னபோது அம்மா ரேடியோவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் அத்தா பக்கத்துக் கடைக்குப் போன் செய்தார்.

"லாயரம்மாவே சொல்லிட்டாங்க. நம்ம அட்டை விசயமெல்லாம் எழுதுனியா புள்ள?"

"எழுதிட்டேன் அத்தா."

"என் வக்கீலு!" என்று சிரித்தார்.

நான் எழுதவில்லை அக்கா. எங்களிடம் இருப்பது வெளிநாட்டார் அட்டை. அத்தாவின் அத்தா இங்கே பிறந்தவர், ஆனாலும் அதுதான் கொடுத்தார்கள். "யாரு கேட்டாலும் பர்மாக்காரங்கன்னு சொல்லு, அட்டையப் பத்தி மூச்சு விடாதே" என்று சின்ன வயதிலேயே அத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளியிலும் பஸ்ஸிலும் அப்படித்தான் சொல்வேன். உங்களிடமும் அப்படியே சொன்னேன்.

அதே தோட்டத்தில் வேலை செய்து, அத்தாவுடன் போய்ச் சரணடைந்த கபீர் மாமா வெள்ளிக்கிழமை இங்கே வந்துசேர்ந்தார். அவரிடம் குடியுரிமை அட்டை உண்டு. அத்தாவுக்குப் பயணத்தாள் இல்லை என்றுவிட்டார்களாம். முகாமில் இருக்கிறார். "எம்மக எழுதியிருக்கா, லாயரம்மாவுக்கு எல்லாம் தெரியும், வருவாங்க" என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். மாமா திரும்பத் திரும்ப அதைச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார்.

இன்று ரேடியோவை யாரும் போடவில்லை.

ஏதாவது வழி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால், இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு நான்கு மணிக்கு, அட்டையைப் பற்றி ருக்சார் எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள். முகாமில் ரேடியோ இருந்தால் அத்தா கேட்பார். இனி உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

தஸ்தகீர் மகள்
ருக்சார்